கேட்காமல் வந்த ஆறு

கயிறு அறுந்த சத்தம் துப்பாக்கி வெடித்ததுபோல் கேட்டது.

அடுத்த நொடி, பதினாறு மாடுகளும் முன்னங்கால் மடங்கித் தடுமாறின. அதற்கடுத்த நொடி, சரிவின் பாதியில் நின்றிருந்த நொல்ஃபாவின் வீடு மெதுவாகப் பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. கூரை உச்சியில் கட்டிய தேசியக் கொடியோடு. மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்த பூனையோடு.

"ஓடுங்க! பின்னால யாரும் நிக்காதீங்க!" என்று கத்தினேன்.

பெண்கள் குழம்புப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆண்கள் பானை பத்திரமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். வீடு ஒரு வேலியைச் சாய்த்தது. ஒரு முள்ளுப்புதரை நசுக்கியது. சரிவின் அடியில், புல்வெளிச் சேற்றில், பொத்தென்று உட்கார்ந்தது.

ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. பூனை கொட்டாவி விட்டது.

நொல்ஃபா மட்டும் ஓடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆற்றைப் பார்த்தாள். காலையில் எங்கோ தூரத்தில் கிடந்த ஆறு இப்போது புல்வெளியின் ஓரத்துக்கே வந்திருந்தது.

"ரொசமேல் அண்ணே," என்றாள் என்னிடம். "கடல் ஏற்றம் எப்போ உச்சத்துக்கு வரும்?"

"நாலு மணிக்கு. இன்னிக்குப் பௌர்ணமி வேற."

"அப்போ நாலு மணிக்கு என் வீடு கடலுக்குப் போயிடும்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

சிலோயே தீவில் எங்கள் கில்காவே ஆற்றைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தால் ஒரு பகல் போதாது. மழைத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கும். கடல் ஏற்றம் கழிமுகத்திலிருந்து ஏறும். இரண்டும் சந்தித்துக் கை குலுக்கும் இடம் எங்கள் சமையலறை. குளிர்காலத்தில் ரொட்டி சுட அடுப்படிக்குப் போனால் காலடியில் மீன் நீந்தும். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. போன வருடம் என் வீட்டில் பிடித்ததை வறுத்தே தின்றோம்.

கடைசியில் அரசாங்கம் கண் திறந்தது. மேட்டில் நிலம் வாங்கி வரிசையாகப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஆற்றங்கரைக் குடும்பங்கள் எல்லாம் மேலே போக வேண்டும். பழைய வீடுகளில் வேறு யாரும் வந்து குடியேறிவிடக் கூடாது என்பதால் அவற்றை இடித்துவிடுவார்கள். நியாயம்தான். நானும் போய்விட்டேன். என் புது வீட்டுத் தரையில் மீன் வருவதில்லை. அந்த ஒன்றுக்காகவே தினமும் கும்பிடலாம்.

ஒரே ஒரு சிக்கல். கணக்கெடுப்பு முடிந்த பிறகு இவானும் யெசெனியாவும் கல்யாணம் செய்துகொண்டார்கள். குழந்தையும் பிறந்துவிட்டது. குடும்பங்களைவிட ஒரு வீடு குறைந்தது. இன்னொரு வீட்டுக்கு அடுத்த திட்டம் வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த திட்டம் எப்போது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

ஊர்க் கூட்டத்தில் நொல்ஃபா சியுகாய் எழுந்து நின்றாள்.

"என் வீட்டை அதுங்களுக்குக் குடுத்துடுங்க. எனக்கு மனை மட்டும் போதும்."

"நீங்க எங்கே இருப்பீங்க?" என்று கேட்டாள் வீட்டுவசதி அலுவலகத்து இன்ஜினியர் ஃபபியோலா. நல்ல பெண். எப்போதும் வெள்ளை ஹெல்மெட்டோடுதான் வருவாள். சாப்பிடும்போதுகூட.

"என் வீட்டுலதான். அதை மேலே கொண்டுவந்துடறேன். நீங்க கட்டினது நல்ல வீடுதான்மா, குறை சொல்லலே. ஆனா அந்தச் சமையலறையில ரெண்டு பேர் நின்னா, மூணாவது ஆள் ஜன்னல் வழியாத்தான் கரண்டியை நீட்டணும்."

ஃபபியோலா சிரித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, ஒரு நிபந்தனையோடு தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் வீடு மனையில் நிற்க வேண்டும். திங்கள் காலை இடிக்கிற இயந்திரம் வரும். கீழே நிற்கும் எதையும் அது விட்டுவைக்காது.

இதற்குள் யெசெனியா புது வீட்டில் திரைச்சீலை மாட்டிவிட்டாள். தொட்டிலும் கட்டியாகிவிட்டது. அதை இனி யாரால் திருப்பிக் கேட்க முடியும்? நொல்ஃபாவால் முடியாது. ஆக, வீடு மேலே ஏறாவிட்டால், அவளுக்கு மேலேயும் வீடு இல்லை, கீழேயும் வீடு இல்லை.

வீட்டை நகர்த்துவது எங்களுக்குப் புதிதல்ல, எல்லாம் மரப்பலகை வீடுகள்தான். மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று மகள் வீட்டையே தெருமாற்றி இழுத்து வைத்தவர்கள் உண்டு. வீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய மரத்தண்டுகளைக் கொடுத்து, மாடு பூட்டி, ஊரே சேர்ந்து இழுக்கும். இதற்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது. வீட்டுக்காரி எல்லோருக்கும் வயிறு முட்டச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் சலுகையே இல்லை. ஒவ்வொருவரையும் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

வாசலில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. உள்ளே போய் உட்கார வேண்டும். அவர்கள் கொடுக்கும் மாத்தே கஷாயத்தைக் குழலில் உறிஞ்ச வேண்டும். உருளைக்கிழங்கு விளைச்சல், மாட்டின் இருமல், மருமகளின் பிரசவம் எல்லாம் விசாரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் உடனே சரி என்று சொல்ல மாட்டார். "பாக்கலாம்" என்பார். அப்படியென்றால் வருவார் என்று அர்த்தம்.

நொல்ஃபா இந்தக் கரையில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். எதிர்க்கரையில் ஒரே ஒருவர்தான். தோன் அலதீனோ ஒயார்சோ. 'தோன்' என்பது பெரியவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதை. அவரைக் கேட்கும் பொறுப்பைத் தன் கணவன் எரிபெர்தோவிடம் விட்டிருந்தாள்.

இப்போது, சேற்றில் உட்கார்ந்த வீட்டைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தபோது, கூட்டத்தில் யாரோ அதைக் கேட்டுவிட்டார்கள்.

"தோன் அலதீனோ எங்கே? அவர் குரல் கொடுத்திருந்தா கயிறு அறுந்திருக்குமா?"

அதுவரை குரல் கொடுத்தது நான்தான். ஒப்புக்கொள்கிறேன், என் குரலுக்கு என் சொந்த மாடுகளே யோசித்துத்தான் நடக்கும். ஒரு ஜோடி இழுக்கும்போது இன்னொரு ஜோடி நிற்கும். தோன் அலதீனோ "இழூ" என்றால் அத்தனை மாடும் ஒரே மாடாகிவிடும். தீவில் அவர் இழுத்து வைக்காத வீடு இல்லை. ஒரு தேவாலயத்தைக்கூட நகர்த்தியிருக்கிறார், உள்ளே பாதிரியாரோடு.

நொல்ஃபா மெல்லத் திரும்பினாள்.

"எரி. நீ போய்க் கேட்டேல்ல?"

எரிபெர்தோ தன் புது பூட்ஸைப் பார்த்தான். முழங்கால் உயர கறுப்பு ரப்பர் பூட்ஸ். பண்டிகைக்கு வாங்கியது. சேறே படாமல் இவ்வளவு நேரம் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தான்.

"கேட்டேனே."

"நேர்லயா?"

"பாலத்து மேல தண்ணி போய்க்கிட்டிருந்தது..."

"நேர்லயா, எரி?"

"ஃபோன்ல வாய்ஸ் மெசேஜ் போட்டேன்."

மழை பெய்துகொண்டே இருந்தது. பானைப் பக்கத்தில் ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"தோன் அலதீனோவுக்கு," என்றாள் நொல்ஃபா ஒவ்வொரு வார்த்தையாக, "வாய்ஸ் மெசேஜ்."

"கூடவே ஒரு படமும் அனுப்பினேன். மரியாதையாத்தான்."

"என்ன படம்?"

எரிபெர்தோ கூட்டத்துக்குப் பின்னால் நழுவினான். அது அவனுக்கு நல்லதாகப் போயிற்று.

ஃபபியோலா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். "நான் கிரேனுக்குப் பேசிப் பாத்தேன். திங்கட்கிழமைதான் வருமாம். நான் வேணா இப்பவே அவருக்கு ஃபோன் பண்ணி நிலைமையை எடுத்துச் சொல்லட்டுமா?"

"அய்யோ, வேணாம்மா!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் கத்தினோம்.

நொல்ஃபா மேலங்கியை இறுக்கிக் கட்டினாள். "அண்ணே, படகை எடுங்க."

எடுத்தேன்.

கில்காவே ஆற்றை அந்த நிலையில் துடுப்புப் போட்டுக் கடப்பது புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை. வேரோடு பெயர்ந்த மரம் ஒன்று எங்களுக்கு முன்னால் உருண்டு போனது. அதற்குப் பின்னால் யார் வீட்டுக் கோழிக்கூண்டோ வந்தது. நான் துடுப்பை உதறி உதறித் தள்ளினேன். நொல்ஃபா படகின் முனையில் உட்கார்ந்து, தலைமுடியைச் சீவிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"இப்போ எதுக்கும்மா சிங்காரம்?"

"ஒருத்தர் வீட்டுக்கு உதவி கேட்டுப் போறோம், அண்ணே. பிச்சைக்காரி மாதிரியா போறது?"

கரையேறினோம். தோன் அலதீனோவின் வீட்டுப் புகைபோக்கியில் புகை. கதவைத் தட்டியதும் அவர் மனைவி அவுதீலியா திறந்தாள். அடுப்பருகே தோன் அலதீனோ உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, கதவகலத் தோள், மீசை நிறைய மௌனம். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டவர்போல் புருவத்தைத் தூக்கினார்.

"அடடே, நொல்ஃபா. இந்த மழையில எங்கே இந்தப் பக்கம்?"

"சும்மாதான், தோன் அலதீனோ. பாத்து நாளாச்சேன்னு வந்தேன்."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்க்கரையில் வீடு தெரிந்தது. அதை நோக்கித் தண்ணீர் வெள்ளித் தகடு மாதிரி விரிந்துகொண்டிருந்ததும் தெரிந்தது.

"உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தோம். அவுதீலியா மாத்தே கலந்தாள். குழலை நொல்ஃபாவிடம் கொடுத்தாள். நொல்ஃபா நிதானமாக உறிஞ்சினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல்.

"உருளைக்கிழங்கு எப்படி இந்த வருஷம்?" என்றார் தோன் அலதீனோ.

"பரவாயில்லைங்க. சிவப்பு நல்லா வந்துச்சு. நீலம்தான் கொஞ்சம் அழுகிப் போச்சு."

"எனக்கும் நீலம் அழுகல்தான்."

"உங்க சிவலை மாட்டுக்குக் கால் வீங்கியிருந்துச்சே?"

"சரியாப் போச்சு. அவுதீலியா ஏதோ இலை வச்சுக் கட்டினா."

"என்ன இலைங்க அக்கா?"

அவுதீலியா இலையின் கதையை ஆரம்பித்தாள். அது நீளமான கதை. இலையைக் காட்டிக் கொடுத்த அவள் அத்தையின் கதையும் அதற்குள் இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"தோன் அலதீனோ, நேரம்..." என்று வாயெடுத்தேன்.

மேஜைக்கு அடியில் நொல்ஃபாவின் கால் என் கணுக்காலை உதைத்தது. குதிரை உதைத்தாலும் அப்படி வலிக்காது.

"நேரம் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

மாத்தே இன்னொரு சுற்று வந்தது. தோன் அலதீனோ சட்டைப் பையிலிருந்து மெதுவாக ஃபோனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு விரலால், எறும்பை நசுக்குவதுபோல், திரையை அழுத்தினார்.

காற்று இரைச்சலுக்கு நடுவே எரிபெர்தோவின் குரல் கேட்டது. "ஹலோ தோன் அலதீனோ! சனிக்கிழமை வீட்டை இழுக்கறோம், ஃப்ரீயா இருந்தா வந்துடுங்க, ஓகே, பை!"

"அப்புறம் இது," என்று ஃபோனை எங்கள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு மாடு. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. பின்னங்காலில் நின்று இடுப்பை ஆட்டி ஆட்டி நடனமாடியது.

நொல்ஃபாவின் முகம் பீட்ரூட் ஆனது.

"ஐம்பது வருஷமா மாடு வச்சிருக்கேன்," என்றார் தோன் அலதீனோ. "ஒண்ணுகூட ஆடினதில்லே."

"ஆடுறதுதான் பெருசாத் தெரியுதா?" என்று அடுப்புப் பக்கத்திலிருந்து அவுதீலியா வெடித்தாள். "அந்தப் படத்தை நேத்து ராத்திரி பத்து வாட்டி போட்டுப் பாத்துச் சிரிச்சது யாரு? விடியக்காலையே மாட்டைப் பூட்டி வச்சுட்டு, வருவாங்க வருவாங்கன்னு ஜன்னல்லயே நின்னது யாரு? கயிறு அறுந்தப்ப 'அய்யய்யோ'ன்னு எகிறிக் குதிச்சது யாரு?"

"அவுதீலியா!"

"எனக்கென்ன. ரொட்டி ஆறிப்போகுது. அந்தப் பொண்ணைக் கேக்க விடுங்க, சீக்கிரம்."

தோன் அலதீனோ கூரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். நல்ல கூரை.

நொல்ஃபா மாத்தேயைக் கீழே வைத்தாள். எழுந்தாள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள்.

"தோன் அலதீனோ. உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்."

"என்ன உதவியோ?"

"என் வீட்டை மேட்டுக்குக் கொண்டுபோகணும். நீங்க வந்து குரல் கொடுக்கணும். பெரிய மனசு பண்ணணும்."

"எப்போ?"

"இன்னிக்கி."

"இன்னிக்கா..." மீசையைத் தடவினார். மாடு, மழை, இடுப்புவலி எல்லாவற்றையும் மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பவர்போல் நெற்றியைச் சுருக்கினார். ஜன்னலுக்கு வெளியே ஆறு இன்னொரு முழம் ஏறியது.

"பாக்கலாம்," என்றார்.

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் விழ எழுந்தார். ஒரே எட்டில் வாசலில் இருந்தார். கொல்லைப்புறத்தில் இரண்டு ஜோடி மாடுகள் நுகத்தடி பூட்டியபடி, அவுதீலியா சொன்னதுபோலவே, காலையிலிருந்து நின்று சலித்துப்போயிருந்தன. துறையில் அவருடைய மோட்டார் படகு. அதில் ஒரு குன்று மாதிரி கறுப்பு மிதவைகள். கடலில் சிப்பி வளர்க்கக் கட்டிவிடும் பெரிய பிளாஸ்டிக் உருளைகள்.

"மாட்டை என் மருமகன் பாலம் வழியா ஓட்டிட்டு வருவான்," என்றார். "முழங்கால் தண்ணிதான். மனுஷன் பயப்படலாம், மாடு பயப்படாது."

"மிதவை எதுக்குங்க?" என்றேன்.

"ஏறு. பேசிக்கிட்டே நிக்கறியே. நேரம் ஆகலையா உனக்கு?"

ஏறினேன்.

நாங்கள் கரை சேர்ந்தபோது வீட்டின் அடித்தண்டுகள் பாதி தண்ணீரில் இருந்தன. மக்கள் புதுக்கயிறு கட்டி, சரிவைப் பார்த்து மாடுகளை நிறுத்தித் தயாராக இருந்தார்கள். தோன் அலதீனோ சரிவைப் பார்த்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து சேற்றை எடுத்து விரலில் உருட்டினார்.

"மாட்டையெல்லாம் அவிழ்த்துவிடு."

"மேலே இழுக்க வேண்டாமா?" என்றாள் ஃபபியோலா.

"இந்தச் சேத்துல இழுத்தா மாடுதான் செத்துப் போகும். வீட்டைத் தண்ணிக்குள்ள இறக்குங்க."

கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டோம்.

வாழ்நாளெல்லாம் எந்தத் தண்ணீரிலிருந்து தப்பிக்கப் பார்த்தோமோ, அதற்குள்ளேயே வீட்டை விடுவதா? ஃபபியோலா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டாள். அன்றுதான் அவள் தலைமுடியையே நாங்கள் பார்த்தோம்.

தோன் அலதீனோ கையை நீட்டினார். புல்வெளிக்கு அப்பால் சதுப்பு. அதற்கும் அப்பால், தேவாலயத்துப் பக்கம், பழைய வண்டிப்பாதை மேட்டுக்குச் சாய்வாக, சோம்பேறித்தனமாக ஏறிப்போகிறது. கெட்டியான சரளைத்தரை. அந்த வழியில் குழந்தைகூட வீட்டை இழுக்கும். ஆனால் சதுப்பைத் தாண்டி வீட்டைக் கொண்டுபோக முடியாது என்பதால் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மாடு இறங்கினால் வயிறுவரை புதையும்.

"நாலு மணிக்குச் சதுப்பு இருக்காது," என்றார். "ஏரிதான் இருக்கும். ஏற்றம் உச்சத்துல நிக்கறப்போ ஆறு கொஞ்ச நேரம் இழுக்காது, தள்ளாது. அந்த நேரம் நமக்குப் போதும்."

நொல்ஃபா வீட்டைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். "சரி. ஆனா நான் உள்ளேதான் இருப்பேன்."

"உள்ளே என்ன வேலை?"

"என் வீடுங்க. தவிரவும் பூனை இறங்க மாட்டேங்குது."

பூனையின் பெயர் பிஷப். கறுப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. அது யார் சொல்லுக்கும் இறங்கியதில்லை.

பிறகு நடந்தது வேலை. மிதவைகளை வீட்டின் நாலு பக்கமும் அடித்தண்டுகளோடு கட்டினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று முடிச்சுப் போட்டோம். ஃபபியோலாவின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது. அவள் மற்றதையும் கழற்றி வீசிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். எரிபெர்தோ மட்டும் பூட்ஸில் சேறு படாமல் கரையில் ஒற்றைக்காலில் தத்திக்கொண்டிருந்தான்.

"ஆடுற மாட்டுக்காரன் எங்கே?" என்றது தோன் அலதீனோவின் குரல்.

சிரிப்பு கரையிலிருந்து கரைக்குப் பாய்ந்தது. விஷயம் அதற்குள் எப்படிப் பரவியதோ தெரியாது. பானைப் பக்கத்துப் பெண்கள் இடுப்பை ஆட்டிக் காட்டினார்கள்.

"கூரைக்கு ஏறு. கழியை வச்சுக்கிட்டு முன்னால ஏதாவது தட்டுப்படுதான்னு பாத்துச் சொல்லு. மெசேஜ்ல இல்லே. வாயால."

எரிபெர்தோ ஏறினான்.

தண்ணீர் ஏறியது. வீடு முனகியது. பலகைகள் ஒவ்வொன்றும் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் சத்தம் போட்டன. ஒரு மூலை லேசாகத் தூக்கியது. பிறகு இன்னொன்று. உள்ளிருந்து நொல்ஃபாவின் குரல்: "தரை காய்ஞ்சுதான் இருக்கு!"

மூன்றாவது மூலையும் எழுந்தது.

நான்காவது எழவில்லை.

தோன் அலதீனோவின் படகு கயிற்றை முறுக்கி இழுத்தது. மோட்டார் அலறியது. வீடு அந்த ஒரே மூலையில் மாட்டிக்கொண்டு, செக்குமாடுபோல் மெல்லச் சுழன்றது. ஏற்றம் உச்சிக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆறு திரும்பும். திரும்பினால் படகு, கயிறு, வீடு, நொல்ஃபா எல்லோரையும் சேர்த்துக் கழிமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

"வேலிக்கம்பம்!" என்று கூரையிலிருந்து எரிபெர்தோ அலறினான். "நாம சாய்ச்ச வேலி! கம்பம் தண்டுக்கு நடுவுல சொருகியிருக்கு!"

"கயிறை அறுத்துடவா?" என்று கத்தினேன். "நொல்ஃபா, வெளியே வா!"

"வர மாட்டேன்!" என்றது வீடு.

எரிபெர்தோ கூரையிலிருந்து கீழே பார்த்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். அந்த ஒரு கணம் அவன் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். பூட்ஸுக்காக அப்படி ஒரு துக்கம் வேறு எந்த மனிதன் முகத்திலும் பார்த்ததில்லை.

குதித்துவிட்டான்.

மார்பளவு தண்ணீரில் விழுந்து, கழியைக் கம்பத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினான். நகரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையோடு மூழ்கினான். தண்ணீருக்கு மேலே கழியின் நுனி மட்டும் ஆடியது. ஆடியது. நின்றது.

"எரி!" ஜன்னலில் நொல்ஃபாவின் முகம். "எரி! டேய்! பாவி மனுஷா!"

கடக் என்று ஒரு சத்தம். நான்காவது மூலை குதித்து மேலே வந்தது. அதற்குப் பக்கத்திலேயே எரிபெர்தோவின் தலையும் வந்தது, வாய் நிறையச் சேற்றோடு.

"போங்க!" என்று துப்பினான். "போங்க, போங்க!"

வீடு மிதந்தது.

அதை எப்படிச் சொல்வது? ஜன்னல், கதவு, கொடி, பூனை எல்லாவற்றோடும் ஒரு வீடு சதுப்பின்மேல் வாத்துபோல் நீந்திப் போனது. நாங்கள் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் விழுந்து எழுந்து, கத்திக்கொண்டே ஓடினோம். வாசற்படியில் நொல்ஃபா நின்று எல்லோருக்கும் கையசைத்தாள், கப்பலில் போகும் சீமாட்டிபோல. தேவாலய மணியை யாரோ அடித்தார்கள்.

வண்டிப்பாதையின் அடியில் தண்டுகள் சரளையில் உரசி நின்றன. தோன் அலதீனோ படகிலிருந்து இறங்கினார். அவர் மாடுகள் இரண்டு ஜோடியும் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்திருந்தன. எங்கள் ஜோடிகளையும் அவற்றுக்குப் பின்னால் பூட்டினார். ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஏதோ சொன்னார். பிறகு நிமிர்ந்தார்.

"இழூ...!"

அத்தனை மாடும் ஒரே மாடானது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு மேட்டில், தன் மனையில், நேராக நின்றது.

நேராக என்றா சொன்னேன்? திரும்பி நின்றது. தண்ணீரில் சுழன்றதில் வாசல் பின்பக்கம் போய், சமையலறைக் கதவு தெருவைப் பார்த்திருந்தது. அதை முதலில் கவனித்தவள் ஃபபியோலா.

"திருப்பி வைக்கணுமா?" என்றாள் வெறுங்காலோடு, பயந்துபோய்.

"வேணாம், வேணாம்," என்றாள் நொல்ஃபா. "என் வீட்டுக்கு யாரு வர்றீங்க? எல்லாம் சாப்பிடத்தானே வர்றீங்க. நேரா அடுப்படிக்கே வந்துடுங்க."

அடுப்பு மூட்டினோம். ஆட்டுக்கறிக் குழம்பு, உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட மில்காவோ, அவுதீலியா படகில் கொடுத்தனுப்பிய ரொட்டி, ஆப்பிளைப் பிழிந்து புளிக்கவைத்த சிச்சா. அந்தச் சமையலறையில் இருபது பேர் நின்றோம். ஒருவர் கரண்டிகூட ஜன்னல் வழியாக வரவில்லை. யெசெனியா குழந்தையோடு வந்து மூலையில் உட்கார்ந்தாள். பிஷப் கடைசியாக மாடியிலிருந்து இறங்கி வந்து, தோன் அலதீனோவின் மடியில் ஏறிப் படுத்தது.

நொல்ஃபா எல்லோருக்கும் பரிமாறினாள். நேரில் போய்க் கேட்ட ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, பெயர் சொல்லி நன்றி சொன்னாள். கடைசியில் ஒரு கோப்பை சிச்சாவை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மேட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். ஆறு இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் வீடு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

கோப்பையை அப்படியே ஆற்றை நோக்கிச் சரித்து ஊற்றினாள்.

"என்னம்மா இது?" என்றேன்.

"கேக்காமயே வேலைக்கு வந்தவன் இவன் ஒருத்தன்தான், அண்ணே. சாப்பாடு போடாம அனுப்பக் கூடாது."

உள்ளே எரிபெர்தோ அடுப்புக்கு முன்னால் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. மற்றது சதுப்புக்குள் போய்விட்டது. நொல்ஃபா அவன் தட்டில் மூன்றாவது முறை கறி வைத்தாள். தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு காதோரம் குனிந்து மென்மையாகச் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில தோன் அலதீனோ வீட்டுக்குப் போறே. நேர்ல. நன்றி சொல்லிட்டு வர்றே."

ஞாயிற்றுக்கிழமை எரிபெர்தோ போனான். ஒரு காலில் புது பூட்ஸ், இன்னொரு காலில் என் பழைய பூட்ஸ். பாலத்தில் இன்னும் முழங்கால் தண்ணீர். மதியம் ஆனது, அவன் திரும்பவில்லை. ஃபபியோலா வந்து வீட்டைப் பார்த்து, சாப்பிட்டு, நொல்ஃபாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். மாலையானது. அப்போதும் அவன் திரும்பவில்லை.

"ஒரு ஃபோன் போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

நொல்ஃபா என்னைப் பார்த்த பார்வையில் கணுக்கால் மறுபடி வலித்தது.

அந்த நேரத்தில் அவள் ஃபோனே மணியடித்தது. தோன் அலதீனோவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். அவர் வாழ்க்கையில் அனுப்பிய முதல் மெசேஜ் அதுவாகத்தான் இருக்கும். ஃபோன் காது கேளாதது என்று நினைத்துக் கத்தியிருந்தார்.

"நொல்ஃபா! உன் புருஷன் வந்துட்டான்! மாத்தே குடிச்சுக்கிட்டிருக்கோம்! இப்போதான் உருளைக்கிழங்கு வரைக்கும் வந்திருக்கோம்! இன்னும் மாட்டோட இருமல் பாக்கி இருக்கு! அவனைத் தேடாதே!"

கூடவே ஒரு படமும் வந்தது.

கறுப்புக் கண்ணாடி போட்ட மாடு, இடுப்பை ஆட்டி ஆட்டி நடனமாடியது.